42 ரூபாய் நூலக வரியும் டெல்லிச் சட்டமும்

8 ஜூன் 2025 (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியது)

ஜப்பானில் 2001-லேயே குழந்தைகள் வாசிப்புக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். தென் கொரியா 2006, ஸ்பெயின் 2007, மெக்சிகோ 2008. நம் நாட்டில் தகவலுக்குச் சட்டம் இருக்கிறது, கிராமத்து வேலைக்குச் சட்டம் இருக்கிறது, ரேஷன் அரிசிக்குச் சட்டம் இருக்கிறது. வாசிப்புக்கு மட்டும் கிடையாது. நாடாளுமன்றம் ஒரு தேசிய வாசிப்புச் சட்டம் கொண்டுவராமல் கிராமத்துப் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் போகப்போவதில்லை. யாராவது மறுக்க முடியுமா?

8 ஜூன், இரவு (என் பதில்)

நான் மறுக்கிறேன்.

இந்த வருட வீட்டு வரி ரசீது மேஜை மேல் இருக்கிறது. வீட்டு வரி 420. அதற்குக் கீழே நூலக வரி 42. மொத்தம் 462. நம்மில் பாதிப் பேர் அந்த இரண்டாவது வரியைப் படித்திருக்கவே மாட்டோம். ரூபாய்க்கு 10 பைசா, வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் நூலகத்துக்காகக் கட்டுகிறோம். சென்னை மாகாணத்தில் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் இது. இந்தியாவிலேயே முதல் நூலகச் சட்டம். கொண்டுவந்த கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், நம் திருப்பூர்க்காரர். கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம் என்றால் எல்லோருக்கும் தெரியுமே, அதைத் தொடங்கியவர் அவர்தான்.

ஆக சட்டம் இருக்கிறது, காசும் வசூலாகிறது. பிறகு எதற்கு டெல்லிக்குப் போக வேண்டும்?

9 ஜூன்

திருத்தம். "இந்தியாவிலேயே முதல்" என்று எழுதியது தப்பு. கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945-லேயே நூலகச் சட்டம் இருந்திருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதல் என்று வாசிக்கவும். நடைமுறைக்கு வந்தது 1950 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது நிதியாண்டின் முதல் நாள்.

9 ஜூன், பொழுதோட

கோபிக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார்: "மாநிலச் சட்டம் வேறு, தேசியச் சட்டம் வேறு."

சரி, வேறுதான். ஆனால் அரசியலமைப்பில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 12-ஆவது இனம். கல்வியை 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்கு, அதாவது டெல்லியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பட்டியலுக்கு, எடுத்துக்கொண்டு போனார்கள். நூலகம் அங்கேயே நின்றுவிட்டது. மறந்தார்களா, வேண்டாமென்று விட்டார்களா, தெரியாது. ஆக டெல்லி நினைத்த மாத்திரத்தில் நூலகத்துக்குச் சட்டம் போட முடியாது. பள்ளிக்கூட வாசிப்புக்குப் போடலாம். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டால் பதிலும் குழம்பத்தான் செய்யும்.

சட்டமில்லாமலும் டெல்லிப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கொல்கத்தாவில் 1972-ல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலம் ஒரு பங்கு போட்டால் தானும் ஒரு பங்கு போட்டுப் புத்தகம் வாங்க உதவுகிறது. ஒரு கிளை நூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், உள்பக்கத்தில் அதன் முத்திரை இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1930-லேயே காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை எழுதிக்கொண்டுபோய் வைத்தார். அது ஒரு மாகாணத்தில் சட்டமாவதற்கே 18 வருடம் ஆயிற்று. நாம் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம்.

11 ஜூன்

அந்த 42 ரூபாய் எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஊராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். ஆணைக்குழு அதிலிருந்து கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாவற்றையும் நடத்த வேண்டும். வசூலித்ததை உடனுக்குடன் கட்டிவிடும் உள்ளாட்சிகளும் உண்டு, வருடக்கணக்கில் நிலுவை வைப்பவையும் உண்டு.

எங்கள் ஊரில் (அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில்) ஒரு நூலகக் கட்டடம் இருக்கிறது. ஆனால் அது ஆணைக்குழுவுடையது இல்லை. 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டினார்கள் இல்லையா, அந்தக் கணக்கு. அப்போது தமிழ்நாட்டில் 12,618 ஊராட்சிகள். அந்த நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் பிள்ளைகள். நூலக வரி வாங்குவது பொது நூலகத் துறை. ஆக நான் 42 ரூபாய் கட்டுகிறேன், என் வீட்டுக்கு எதிரே இருக்கிற நூலகத்துக்கு அதில் ஒரு பைசா வராது. என் காசு நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊர்ப்புற நூலகத்துக்குப் போகிறது, அதுவும் போனால்.

எதிரே இருப்பதில் என்ன இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சை பெயிண்ட் அடித்த இரண்டு இரும்பு அலமாரி. நீளமான மேஜை, அதன் மேல் நூறு நாள் வேலையின் மண்வெட்டியும் மண் அள்ளும் பாண்டும். மூலையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை நாலு. சுவரில் திருக்குறள் எழுதிய பலகை, ஆணி ஒரு பக்கம் கழன்று சாய்ந்து நிற்கிறது. சாவி மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம். காலையில் தண்ணீர் திறந்துவிட்டு பிளீச்சிங் எடுக்க வருவார், எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த வேலை தண்ணீர்.

11 ஜூன், இன்னும் கொஞ்சம்

"ஒரு தேசியச் சட்டம் வந்தால் அந்தப் பூட்டு திறக்குமா?" என்று பல்லடத்து நண்பர் கேட்கிறார். திறக்காது அண்ணா. அந்தப் பூட்டுக்கு வேண்டியது தேங்காய் எண்ணெய், துரு அப்படிப் பிடித்திருக்கிறது.

14 ஜூன்

சொந்தக் கதை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

1992-ல் எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. அதற்கு முன்னால் 1990-ல் எர்ணாகுளம் மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்திருந்தார்கள், அந்த வேகம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைத் தொண்டர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்குத்துண்டு. மாரியம்மன் கோயில் திண்ணையில் ராத்திரி எட்டு மணிக்குப் பாடம். வந்தவர்கள் பதினோரு பேர், எல்லோரும் பெண்கள், காட்டு வேலைக்கும் பருத்தி மில்லுக்கும் போய் வந்தவர்கள். அதில் ஒருவர் என் அம்மா.

கடலைக்காட்டில் களை வெட்டிய கை. சாக்குத்துண்டைப் பிடித்தால் ஒடிந்துவிடும். "அ"வில் அந்தச் சுழியைப் போட அம்மாவுக்குப் பத்து நாள் ஆயிற்று. வீட்டில் என்னை வாடீ போடீ என்கிறவர், திண்ணைக்கு வந்தால் "டீச்சருங்" என்பார், கிண்டலாக. ஏழெட்டு மாதத்தில் பெயர் எழுதினார். பஸ்ஸில் திருப்பூர் என்று படித்தார். கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தது.

அப்புறம் இயக்கம் முடிந்தது. ஒரு சட்டமும் இல்லாமல், வெறும் ஆள் பலத்தில் அவ்வளவு பெரிய வேலை நடந்தது என்று மேடைகளில் இன்றைக்கும் பெருமை பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். சட்டம் இல்லாததால்தான் ஒரே நாளில் நின்றும் போனது என்பதை யாரும் பேசுவதில்லை. படிக்கத் தெரிந்த பிறகு படிப்பதற்கு என்ன கொடுத்தோம்? மெல்லிசாக நாலைந்து சிறு புத்தகம். அவ்வளவுதான். 2000 வாக்கில் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் மிச்சம்.

2011 கணக்கெடுப்புக்கு வந்தவர் வாசலில் நின்று "அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். அம்மா உள்ளே இருந்தார். நான் தெரியும் என்றேன். ஏழு வயதுக்கு மேற்பட்டவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் எழுத்தறிவு பெற்றவர், அதுதான் விதி. தமிழ்நாடு 80.09 சதவீதம். அந்தக் கணக்கில் என் பொய்யும் ஒரு துளி இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் என்கிறார்கள். வருகிறவர் என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

15 ஜூன்

மேலே எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயசு எண்பத்தொன்று, காது நன்றாகக் கேட்கும். இரண்டு திருத்தம் சொன்னார்.

ஒன்று, திண்ணைக்கு வந்தது பதினோரு பேர் இல்லை, ஒன்பது பேர். மற்ற இரண்டு பேர் விளக்கு வெளிச்சத்தில் பீடி சுற்ற வந்தவர்கள்.

இரண்டு: "நீ சொல்லிக்குடுத்தா நான் படிச்சேன்? பஸ்ஸு போர்டு பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன் சாமி. ஒருக்கா திருப்பூருன்னு ஏறி புளியம்பட்டியில போய் எறங்குனேன். அந்த ரோசத்துல வந்த படிப்பு."

டீச்சர் பட்டம் போயிற்று.

19 ஜூன்

இன்றைக்குக் கேரளாவில் வாசிப்பு தினம். பி. என். பணிக்கரின் நினைவு நாள். 1945-ல் அவர் கூட்டிய நூலக இயக்கம்தான் பின்னாளில் கிராமம் கிராமமாகப் பரவியது. அங்கே 1989-ல் சட்டம் வந்தது, நமக்கு நாற்பது வருடம் பிந்தி. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வாசகசாலைகள் இருந்தன. ஊர்க்காரர்கள் நடத்தினார்கள், சந்தா கட்டினார்கள், சண்டையும் போட்டார்கள். சட்டம் அதற்கு மானியம் கொடுத்து, தேர்தல் நடத்தி, கவுன்சில் வைத்தது. அவ்வளவுதான்.

வாளையாறு தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். ஓட்டுக் கட்டடம், கேரம் போர்டு, நாலு பத்திரிகை, சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்துப் பதினைந்து பேர். படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அரசியல் பேசினார்கள். ஆனால் கதவு திறந்திருந்தது. நம் பக்கம் அந்த நேரத்தில் திறந்திருப்பவை வேறு கடைகள்.

22 ஜூன்

கோபிக்காரர் விடுவதாக இல்லை. "பள்ளிக்கூடத்துக்காவது தேசியச் சட்டம் வேண்டும்" என்கிறார்.

அதுவும் இருக்கிறதுங்க! 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், செய்தித்தாள், பத்திரிகை, எல்லாப் பாடத்துக்கும் புத்தகம், கதைப் புத்தகங்கள் உட்பட, என்று போட்டிருக்கிறது. "கதைப் புத்தகம்" என்ற சொல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒரு பள்ளிக்குப் போனேன், பெயர் வேண்டாம். கதைப் புத்தகம் இருந்தது. புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சுங்க. ஒண்ணு தொலஞ்சா, கிழிஞ்சா, ஆடிட்ல என் தலைமேலதான் விழும்." நூலகர் ஒருவரும் இதையேதான் சொன்னார், ஓய்வு பெறும்போது கணக்கு சரிபார்த்து, குறைகிற புத்தகத்துக்குக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும் என்று. புத்தகத்தைப் படித்தால் தேயும், தேய்ந்தால் அபராதம். பூட்டி வைப்பவர்தான் பாதுகாப்பான ஊழியர்.

ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அவருடைய விதியை நூலகப் படிப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு தணிக்கை விதிதான்.

சட்டம் இருந்தும் நிலைமை என்ன? நாடு முழுக்கக் கிராமங்களில் எடுக்கும் ஏசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் 2018-ல் 50.5 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 42.8.

23 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு அநியாயம் இருக்கிறது. அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் தன் சொந்தக் காசில் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்பில் சிறு புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார். பிள்ளைகள் பிடுங்கிக் கிழித்து ஒட்டிப் படித்தார்கள். "இது ரிஜிஸ்டர்ல இல்லைங்க அக்கா, அதனால பயமில்லை" என்றார். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைத் தெரிந்த அளவுக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதில் கொஞ்சம் பிடி கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார். செயலியில் பதிவேற்றும் வேலை மட்டும் பாதி நேரத்தைத் தின்கிறதாம்.

29 ஜூன்

நான் கணக்கு எழுதும் இடம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட், பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற இடம். பதினெட்டு தையல் மெஷின். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர். அதில் பாதிப் பேர் இப்போது வடக்கிலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். ஓவர்லாக் ஓட்டுகிற ஒருவர் ஒடிசாக்காரர், குடும்பத்தோடு லைன் வீட்டில் இருக்கிறார். பையனுக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு.

சனிக்கிழமை சம்பளம் போடும்போது பையனும் வந்தான். அப்பாவுக்குச் சீட்டு கொடுத்தேன். அவர் அதைப் பையனிடம் நீட்டினார். பையன் "பி... பிடி... த்தம்" என்று எழுத்துக் கூட்டினான். பிடித்தம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டான். இ.எஸ்.ஐ., பி.எஃப். என்று விளக்கினேன். அவன் அப்பாவுக்கு ஒடியாவில் சொன்னான். அப்பாவுக்கு ஒடியா நன்றாகப் படிக்கத் தெரியும், செல்போனில் செய்தி படிப்பதைப் பார்த்திருக்கிறேன். பையனுக்கு ஒடியாவில் ஒரு எழுத்து தெரியாது. தமிழ் பேச்சு நம் பிள்ளை மாதிரியே: "ஏனுங் அக்கா, எங்கப்பனுக்கு ஓவர்டைம் போட்டாச்சுங்களா?" வாசிப்பு மட்டும் தத்தளிக்கிறது.

கணக்கெடுப்பு விதிப்படி அப்பா எழுத்தறிவு பெற்றவர், ஏதாவது ஒரு மொழி போதுமே. ஆனால் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவரும் என் அம்மா மாதிரி புளியம்பட்டியில்தான் போய் இறங்குவார்.

இரண்டு நாளாக இதே ரோசனை. எங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவை ஒடியா படக்கதை வாங்கு என்று கேட்டால், அவர்கள் என்ன தலைப்பில் வாங்குவார்கள்? ஒடிசா அரசு திருப்பூருக்குப் புத்தகம் அனுப்புமா? அரசியலமைப்பில் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பையனை யார் கணக்கில் வைப்பது? இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் விழுந்த பிள்ளை அவன். மாநிலச் சட்டத்தின் கை அவனை எட்டாது.

8-ஆம் தேதி "நான் மறுக்கிறேன்" என்று ஒரே வரியில் எழுதினேன். முழுசாக வாபஸ் வாங்கவில்லை, பாதி வாங்குகிறேன். கோபிக்காரர் மீதிப் பாதியையும் கேட்பார், கொடுக்க மாட்டேன்.

1 ஜூலை

சேலத்து வாத்தியார் ஒருவர் அமெரிக்க உதாரணம் கொண்டுவந்தார். மிசிசிப்பி மாநிலம், ஏழை மாநிலம், வாசிப்பில் கடைசி வரிசை. 2013-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போகக் கூடாது. 2019-ல் நாலாம் வகுப்பு வாசிப்பில் தேசிய சராசரியைத் தொட்டுவிட்டார்கள். "பாத்தீங்களா, ஃபெயில் போட்டால்தான் படிப்பு வரும்" என்கிறார்.

வாத்தியார் அதே சட்டத்தின் அடுத்த பக்கத்தைச் சொல்லவில்லை. வாசிப்புச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பயிற்சியாளர்களை அரசுச் செலவில் அமர்த்திப் பின்தங்கிய பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆசிரியருக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஆள் போட்டார்கள். நம் ஊரில் ஃபெயில் மட்டும் போடுவோம், ஆள் போட மாட்டோம். எனக்குத் தெரிந்து அஞ்சாவதில் ஃபெயிலான பெண் பிள்ளைகள் நேரே மில்லுக்குத்தான் போனார்கள். எங்கள் தெருவிலேயே நாலு பேர்.

இன்னொன்று. அது மாநிலச் சட்டம், தேசியச் சட்டம் இல்லை.

2 ஜூலை

வாத்தியார் கோபித்துக்கொண்டார். "ஃபெயில் போடச் சொல்லவில்லை, பயம் வேண்டும் என்றேன்" என்கிறார். இருக்கட்டும். கடலை விதைக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

13 ஜூலை

மழை இல்லை, விதைப்பும் இல்லை, ஆகவே திரும்பி வந்தேன்.

டெல்லிச் சட்டம் வேண்டும் என்றால் பணம் எப்படி வரும் என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். பள்ளிக் கல்விக்கான ஒன்றியத் திட்டம் சமக்ர சிக்ஷா, அதன் 2024-25-க்கான பணம் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது என்று மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே சண்டை வேண்டாம், எனக்கு ஒரு பக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். ஆனால் பாடம் ஒன்று: அங்கிருந்து வருகிற குழாயில் வால்வு அவர்கள் கையில். 42 ரூபாய் நூலக வரிக்கு அப்படி வால்வு கிடையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவினாசிலிங்கம் செட்டியார் செய்த வேலையில் அதுதான் கெட்டிக்காரத்தனம். மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் நூலகச் சட்டம் உண்டு, ஆனால் வரி கிடையாது. அரசு பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே என்னைக் கேட்டால் டெல்லிச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். குழு வேண்டாம், வாரியம் வேண்டாம், வாசிப்பு தினம் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பிழைப்புக்கு மாநிலம் மாறுகிற குடும்பத்தின் பிள்ளைக்கு அவன் மொழிப் புத்தகம் அவன் இருக்கிற ஊருக்கு வர வேண்டும், செலவு ஒன்றியத்தினுடையது. வாசித்துத் தேய்ந்த புத்தகத்துக்கு எந்த ஆசிரியர் கையிலிருந்தும் நூலகர் கையிலிருந்தும் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் நாலு வரியில் எழுதிவிடலாம். மீதி எல்லாம், எத்தனை மணிக்குத் திறப்பது, யார் திறப்பது, அது இங்கேயே பேசித் தீர்க்க வேண்டியது.

கோபிக்காரர் "நாலு வரிச் சட்டத்தை யார் மதிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். நாற்பது பக்கச் சட்டத்தை மட்டும்?

14 ஜூலை

புத்தகம் எப்படி ஊருக்குப் போகும் என்று கேட்டவருக்கு: 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் ஓட்டியிருக்கிறார்கள். நமக்கு என்ன குறை, காங்கேயம் காளை இருக்கிறது. லைன் வீட்டுச் சந்துக்குள் ரேக்ளா வண்டி நுழையுமா என்பதுதான் சந்தேகம்.

3 ஆகஸ்ட்

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போய் வந்தேன். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்துகிறது. கூட்டம் தேர்க்கடை மாதிரி. உண்டியலை உடைத்துச் சில்லறையோடு வந்த பிள்ளைகள், பில் போடுகிறவர் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தார். கோபிக்காரரையும் பார்த்தேன்! எழுத்தில் இருக்கிற காரம் ஆளிடம் இல்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஜப்பான் சட்டத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார், ஏப்ரல் 23-ஐக் குழந்தைகள் வாசிப்பு நாள் என்று வைத்ததே அந்தச் சட்டம்தானாம். நான் இளநீரைக் குடித்தேன்.

கூட்டத்தைப் பார்த்தால் சட்டமே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அங்கே வருவது பஸ் காசும் புத்தகக் காசும் இருக்கிறவர்கள். அந்த ஓவர்லாக்காரர் மகனுக்காக ஒவ்வொரு கடையாக ஒடியா கேட்டேன். தமிழ், இங்கிலீஷ், இரண்டு கடையில் இந்தி. ஒடியா இல்லை. கடைசியில் எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எந்த மொழியிலும் வாசிக்கலாமே.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதி எங்காவது கிடைக்குமா என்றும் தேடினேன், கிடைக்கவில்லை. பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் அதற்கும் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் இந்த ஈரோட்டுப் பக்கத்துக்காரர்தான். அந்த வேலையைத் தொடங்கிவைத்த தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்குப் பின்னாலும் அவினாசிலிங்கம் செட்டியார். நூலகத்துக்கு வரி, நூலகத்துக்குள் வைக்கக் கலைக்களஞ்சியம், இரண்டும் நம் பக்கத்து ஆட்கள் செய்த வேலை. கிளை நூலகம் ஒன்றில் அந்தத் தொகுதிகளைப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி பீரோவுக்குள். பூட்டு உண்டு.

17 ஆகஸ்ட்

சாவி விஷயம். நூலகத்தைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று போனால், மனுவை யாருக்கு எழுதுவது? தலைவர் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர், அவருக்கு இதுபோல எத்தனையோ ஊராட்சி. ஊராட்சிச் செயலர்தான் சொன்னார்: "எழுதிக் குடுத்தா எழுதித்தான் பதில் வரும் அம்மிணி. சும்மா தெறந்துக்குங்க. பிளீச்சிங் மூட்டய மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்குங்க."

அவிநாசியில் 60 ரூபாய்க்கு மறுசாவி போட்டாயிற்று. ஆபரேட்டர் வைத்த நிபந்தனை, ஏழரைக்கு மோட்டார் போட வருவதற்குள் மண்வெட்டியெல்லாம் பழைய இடத்தில் இருக்க வேண்டும்.

திங்கள் பொழுதோட முதல் நாள். ஆறு பிள்ளைகள். அலமாரியைத் திறந்தால் கரப்பான் முட்டையும் நூற்று முப்பது புத்தகமும். ரிஜிஸ்டர் கிடைக்கவில்லை, அது கிடைக்காமலே இருக்கட்டும். ஓவர்லாக்காரர் மகன் படப் புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். அப்புறம் மூலைக்குப் போய் மூட்டையில் இருந்ததைப் படித்தான். "குளோ... ரின்." யாரும் தொடக் கூடாது என்றதற்குப் பக்கத்திலேயே நின்றான். என் அம்மா செருப்புக் காவலுக்கென்று படியில் உட்கார்ந்திருந்தார், "அங்க என்னடா படிக்கிறே, இங்க வா, இந்தச் சுவத்துல என்ன போட்டிருக்குது பாரு" என்று அவனைக் கூப்பிட்டார். திருக்குறள் பலகை. இரண்டு பேரும் முதல் சொல்லிலேயே தகராறு. தீர்த்துவைக்க நான் போகவில்லை.

18 ஆகஸ்ட்

கேட்டவர்களுக்கு: வெள்ளிக்கிழமை திறக்க மாட்டோம், ஆபரேட்டர் சந்தைக்குப் போய்விடுவார். வீட்டில் ஒடியாச் சிறுவர் புத்தகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து வாங்கிக்கொள்கிறேன். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.